முன்னால் என்ன? பின்னால் என்ன?

(நம் சங்கத்தின் குஷாய்குடா வட்டார உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது ஒரு விஷயம் பற்றி அரை மணி நேரம் பேசுங்கோ சார்" என்று நம் செயலாளர் கேட்டபோது, பென்ஷன் பற்றியோ சர்க்கரை வியாதி பற்றியோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் இன்று பேசப்போவது குழந்தைகளின் நடத்தையைப் பற்றிய ஒரு விஞ்ஞானம். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மூன்றரை வருஷத்துக்கு முன் இதே ஹாலில் நடந்த ஒரு சம்பவம்.

அன்று நம் குடும்ப விழா. என் பெண், மாப்பிள்ளை, நாலரை வயதுப் பேரன் ஆகியோருடன் நானும் என் மனைவியும் வந்திருந்தோம். மைக் சத்தம் ஆரம்பித்ததும் பேரன் காதைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தான். தரையில் புரண்டான். பாட்டு நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாமி லட்டு கொண்டுவந்து அவன் வாயில் வைத்தாள். ஒரு பெரியவர், நல்ல எண்ணத்தோடுதான், "ரெண்டு போட்டு வளர்க்கணும். செல்லம் ஜாஸ்தி" என்றார். என் பெண் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்குப் போன பிறகும் அலறல் நிற்கவில்லை. அன்றிரவு நான் அவனை அடித்தேன். இதை ஒரு சபையில் சொல்லவேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. அடித்ததால் அலறல் நிற்கவுமில்லை, இன்னும் அதிகமாயிற்று. பெண் ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும், எந்த விழாவுக்கும் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

என் பேரனுக்கு ஆட்டிஸம். அப்போது எங்களுக்கு அது தெரியாது. பேச்சு தாமதம், ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தைக் கடத்தியிருந்தோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் குழந்தை வைத்தியரின் யோசனைப்படி போயின்பல்லிக்கு அழைத்துப் போனோம்.

நம் ஊரிலேயே இருக்கும் நிலையம்

போயின்பல்லி மனோவிகாஸ் நகரில் ஒரு மத்திய அரசு நிலையம் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மன வளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிலையம் என்று 1984ல் தொடங்கப்பட்டது. இப்போது அறிவுசார் குறைபாடுள்ளோர் மேம்பாட்டுக்கான தேசிய நிலையம் என்று பெயர் மாறியிருக்கிறது. தேசம் முழுவதிலிருந்தும் பெற்றோர்கள் ரயிலேறி வருகிறார்கள். குஷாய்குடாவில் இருபது வருஷமாக வசிக்கும் நான், என் குழந்தைக்குத் தேவைப்படும் வரை அந்தக் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இந்த நிலையத்தில் ரீட்டா பேஷாவரியா, எஸ். வெங்கடேசன் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் இந்தியக் குழந்தைகளுக்கென்று ஓர் அளவுகோலைத் தயாரித்து 1992ல் வெளியிட்டார்கள். அதற்கு 'பேசிக் எம்.ஆர்.' என்று சுருக்கப் பெயர். இரண்டு பாகம். முதல் பாகத்தில் குழந்தை கற்கவேண்டிய திறமைகள். உடல் அசைவு, அன்றாட வேலைகள், மொழி, எழுத்துப் படிப்பு, எண்ணும் நேரமும், வீடும் சமூகமும், தொழிலும் பணமும் என்று ஏழு பிரிவில், பிரிவுக்கு நாற்பதாக மொத்தம் 280 இனங்கள். இரண்டாம் பாகத்தில் அடித்தல், பொருளை உடைத்தல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் போன்ற சிக்கலான நடத்தைகள், பத்துப் பிரிவில் 75 இனங்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது மதிப்பெண் போடும் முறைதான். பாஸ், ஃபெயில் என்று இரண்டே நிலைகள் அதில் இல்லை. குழந்தை தானே செய்தால் 5. சைகை காட்டினால் செய்தால் 4. வாயால் சொல்லிச் செய்தால் 3. கையைப் பிடித்துச் செய்வித்தால் 2. முழுக்க நாமே செய்யவேண்டியிருந்தால் 1. அந்த இனம் குழந்தைக்குப் பொருந்தாவிட்டால் பூஜ்யம். "இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்திருந்த எனக்கு இது பெரிய படிப்பினை. கையைப் பிடித்தால் சட்டை போட்டுக்கொள்வான் என்பது இரண்டு மார்க். வாயால் சொன்னால் போட்டுக்கொள்வான் என்றால் மூன்று மார்க். இரண்டு மூன்றாவதும் முன்னேற்றம்தான். அதை அளக்க முடிகிறது என்பதுதான் முக்கியம்.

நான் 1971ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பௌதிகம் படித்து பி.எஸ்ஸி. தேறியவன். பிறகு மத்திய அரசு அலுவலகத்தில் 37 வருஷம் ஃபைல் பார்த்தவன். அளக்க முடிந்ததை நம்புவது என் பழக்கம். அதனால் இந்த விஞ்ஞானம் என்னவென்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பூனை, எலி, பிறகு குழந்தை

இதன் பெயர் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ். சுருக்கமாக ஏ.பி.ஏ. நடத்தையை ஆராய்ந்து, அந்த அறிவை வாழ்க்கைக்குப் பயன்படுத்துவது என்று பொருள் சொல்லலாம்.

அமெரிக்காவில் தார்ண்டைக் என்பவர் 1898ல் பூனைகளைப் பெட்டியில் அடைத்துச் சோதனை செய்தார். கொக்கியைத் தட்டினால் கதவு திறக்கும், வெளியே மீன் இருக்கும். முதலில் பூனை கண்டபடி பிராண்டும். தற்செயலாகக் கொக்கி விழும். மறுபடி மறுபடி அடைக்கும்போது, வெளியே வர ஆகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. எந்தச் செயலுக்குப் பின் நல்ல பலன் கிடைக்கிறதோ அந்தச் செயல் நிலைக்கும் என்பது அவர் கண்ட விதி.

அடுத்து ஸ்கின்னர். 1938ல் வெளிவந்த அவர் புத்தகம் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். எலி ஒரு கட்டையை அழுத்தினால் உணவு உருண்டை விழும். அந்த உருண்டைகளை அவரே கையால் தயாரிக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை கையிருப்பு தீர்ந்துவிடும் போலிருந்தது. சிக்கனத்துக்காக, ஒவ்வொரு அழுத்தலுக்கும் உருண்டை போடாமல் நிமிஷத்துக்கு ஒரு முறை மட்டும் போட்டார். எலி சோர்ந்து விட்டுவிடும் என்றுதானே நினைப்போம்? அது விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம்தான் மிகவும் பிடிவாதமானது என்பது இப்படித்தான் தெரியவந்தது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த எலியை நான் பிற்பாடு என் வீட்டிலேயே சந்தித்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சோதனைச் சாலையிலிருந்து இது குழந்தைகளிடம் எப்படி வந்தது? மான்ட்ரோஸ் உல்ஃப் என்பவரும் அவர் சகாக்களும் 1964ல் எழுதிய ஒரு கட்டுரை பிரசித்தம். மூன்றரை வயதுப் பையன். கண்புரை காரணமாக இரு கண்ணிலும் லென்ஸ் அகற்றப்பட்டவன். கண்ணாடி போடாவிட்டால் பார்வையே போய்விடும், ஆனால் முகத்தில் வைக்க விடமாட்டான். அவர்கள் முதலில் கண்ணாடி இல்லாத வெறும் ஃப்ரேமை அறையில் போட்டு வைத்தார்கள். அதைத் தொட்டால் ஒரு வாய் தின்பண்டம். எடுத்தால் ஒரு வாய். முகத்தருகே கொண்டுபோனால் ஒரு வாய். இப்படிப் படிப்படியாகப் போய், கடைசியில் பையன் தினமும் பல மணி நேரம் கண்ணாடியோடு இருக்கும்படி செய்தார்கள். 1968ல் இதே உல்ஃப், பேயர், ரிஸ்லி என்ற மூவரும் கன்ஸாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய கட்டுரையில் இந்தத் துறைக்கு இலக்கணம் வகுத்தார்கள். எடுத்துக்கொள்ளும் விஷயம் அந்த மனிதனுக்கு உண்மையிலேயே முக்கியமானதாக இருக்கவேண்டும். கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இருக்கவேண்டும். நம் முயற்சியால்தான் மாறியது என்று காட்டவேண்டும். மாற்றம் வாழ்க்கையில் பயன்படும் அளவுக்கு இருக்கவேண்டும், வேறு இடத்திலும் நிலைக்கவேண்டும். அவர்கள் சொன்னவற்றில் முக்கியமானவை இவை.

மூன்று கலம் போட்ட ரெஜிஸ்டர்

எங்களுக்கு அமைந்த சிறப்புக் கல்வி ஆசிரியை ஒரு தெலுங்குப் பெண்மணி. முதல் நாளே என்னிடம், "தாத்தகாரு, நீங்கள் ஆஃபீஸில் ரெஜிஸ்டர் எழுதியவர்தானே? இதையும் எழுதுங்கள்" என்று மூன்று கலம் போட்டுக் கொடுத்தார். முதல் கலம், அலறலுக்கு முன்னால் என்ன நடந்தது. இரண்டாவது, அவன் என்ன செய்தான், எத்தனை நிமிஷம். மூன்றாவது, அதற்குப் பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது. 'பிடிவாதம்', 'கோபம்', 'வேண்டுமென்றே' போன்ற வார்த்தைகள் கூடாது என்பது கண்டிப்பு. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும்தான் எழுதலாம்.

பதினாலு நாள் எழுதினேன். மொத்தம் 41 அலறல்கள். கூட்டிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 23 முறை, முன்னால் கலத்தில் 'மொபைல் வாங்கப்பட்டது' அல்லது 'மொபைல் மறுக்கப்பட்டது' என்று இருந்தது. அந்த 23லும் பின்னால் கலத்தில் 'தாத்தா மொபைல் கொடுத்தார்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது! 9 முறை, சாதம் ஊட்டும்போதோ, நகம் வெட்டும்போதோ, எழுத உட்கார வைத்தபோதோ. பின்னால் கலத்தில் 'அதை விட்டுவிட்டோம்'. 5 முறை, நாங்கள் விருந்தாளியோடோ ஃபோனிலோ பேசிக்கொண்டிருந்தபோது. பின்னால் கலத்தில் 'எல்லோரும் ஓடி வந்தோம்'. மீதி 4 முறை காரணம் தெரியவில்லை. எல்லாம் ராத்திரி.

அந்த நாலைப் பார்த்ததும் ஆசிரியை, "முதலில் டாக்டரிடம் போங்கள்" என்றார். காதில் சீழ் வைத்திருந்தது. வாய் திறந்து 'வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இவற்றைப் பார்க்காமல் நடத்தையைத் திருத்தப் புறப்படுவது பாவம்.

ஆக, ஒரே அலறல்தான், ஆனால் வேலை வேறு வேறு. ஏதோ ஒன்றைப் பெறுவதற்கு, ஏதோ ஒன்றிலிருந்து தப்புவதற்கு, பிறர் கவனத்தைப் பெறுவதற்கு. நாலாவதாக, சில செயல்கள் உடம்புக்கே ஒரு சுகம் தருவதால் செய்யப்படுபவை. 1982ல் ப்ரையன் இவாட்டாவும் சகாக்களும் தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழ்நிலைகளில் வைத்துக் கவனித்து, வெளியே ஒரே மாதிரி தெரியும் நடத்தைக்கு ஆளுக்கு ஆள் காரணம் வேறுபடலாம் என்று காட்டினார்கள். காரணம் தெரியாமல் கொடுக்கும் மருந்து எப்படிப் பலிக்கும்? தப்பிப்பதற்காக அலறும் குழந்தையைத் 'தனியாகப் போய் மூலையில் நில்' என்று தண்டித்தால், அவன் கேட்டதையே கொடுத்ததாகிறது.

இன்னொன்றையும் ரெஜிஸ்டர் காட்டிக்கொடுத்தது. மொபைல் கொடுத்ததும் அலறல் நின்றது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிதான் எனக்குக் கிடைத்த உணவு உருண்டை. அதனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கொடுத்தேன். நான் அவனுக்கு அலறக் கற்றுக்கொடுத்தேன், அவன் எனக்கு மொபைல் கொடுக்கக் கற்றுக்கொடுத்தான். இருவருமே நல்ல மாணவர்கள்!

நான் செய்த இரண்டாவது தப்பு

காரணம் தெரிந்துவிட்டதல்லவா? ஆசிரியையைக் கேட்காமலே நான் ஒரு தீர்மானம் செய்தேன். இனிமேல் மொபைல் கிடையாது. முதல் நாள் இருபது நிமிஷம் அலறியவன் இரண்டாம் நாள் ஐம்பது நிமிஷம் அலறினான். சுவரில் தலையை முட்டிக்கொண்டான். எதிர் ஃப்ளாட்காரர் காலிங் பெல் அடித்தார். மூன்றாம் நாள் என் மனைவி, "ஏன்னா, பிராணன் போயிடும் போலிருக்கு, கொடுத்துத் தொலையுங்கோ" என்றாள். கொடுத்துவிட்டேன்.

ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். பலன் நின்றுபோனால் ஒரு நடத்தை அணைவதற்கு முன் ஒரு முறை கொழுந்துவிட்டு எரியும். பணம் போட்டும் டிக்கெட் வராத மெஷினை நாம் தட்டுவதில்லையா, அப்படி. அந்த உச்சத்தில் போய் நான் கொடுத்ததால், 'ஐம்பது நிமிஷம் அலறி, தலையையும் முட்டினால் கிடைக்கும்' என்று கற்றுக்கொடுத்தவனானேன். ஸ்கின்னரின் எலி என் வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

"தாத்தகாரு, ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவைத் திறக்கவேண்டும்" என்றார் ஆசிரியை. அவனுக்கு மொபைல் வேண்டும் என்பது தப்பில்லை. கேட்க அவனிடம் இருந்த ஒரே வழி அலறல். அதைவிடச் சுலபமான ஒரு வழியை முதலில் கொடுக்கவேண்டும். எட்வர்ட் கார், மார்க் டியூரண்ட் என்ற இருவர் 1985ல் நிரூபித்துக் காட்டிய முறை இது. அலறல் செய்யும் வேலையையே செய்யும் ஒரு பேச்சையோ சைகையையோ கற்றுக்கொடுப்பது.

மொபைல் படம் ஒட்டிய ஓர் அட்டை தயாரித்தோம். அவன் அமைதியாக இருக்கும்போது, மாப்பிள்ளை பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து அட்டையை என் கையில் வைக்கச் செய்வார். உடனே, அந்த விநாடியே, மொபைல் கிடைக்கும். பத்து நாளில் கையைப் பிடிப்பது முழங்கையைத் தொடுவதாகக் குறைந்தது, பிறகு அதுவும் நின்றது. உதவியை இப்படிப் படிப்படியாக விலக்குவது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் குழந்தை நம் கைக்காகவே காத்திருக்கும். அட்டை கொடுப்பது நன்றாகப் பழகிய பிறகுதான், அலறினால் கிடைக்காது என்பதைக் கொண்டுவந்தோம். பிறகு மணல் கடிகாரம் வைத்து, ஐந்து நிமிஷத்துக்குப் பின் தானே திருப்பித் தந்தால் ஒரு முறுக்கு என்று வைத்தோம். வீட்டில் நாலு பெரியவர்களும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டினோம். பாட்டிதான் கடைசியில் வழிக்கு வந்தாள்.

நாலு மாசம் கழித்து மறுபடி பதினாலு நாள் எழுதினேன். 41 என்பது 11 ஆகியிருந்தது. பூஜ்யம் ஆகவில்லை, இன்றும் ஆகவில்லை. ஆனால் தலையை முட்டிக்கொள்வது நின்றுவிட்டது.

கடைசிப் படி முதலில்

தப்பிப்பதற்காக அலறிய 9 முறைக்கு மருந்து வேறு. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது. டிராயர் போட்டுக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பது, முன்பக்கம் பார்ப்பது, ஒரு கால், மறு கால், முழங்கால் வரை, இடுப்பு வரை என்று ஆறு படி. ஐந்தை நாங்கள் செய்துவிட்டு, கடைசியாக இடுப்புக்கு இழுப்பதை மட்டும் அவனுக்கு விட்டோம். வேலை முடித்த பெருமை அவனுக்கு! 'சபாஷ்' உடனே கிடைக்கும். அடுத்த வாரம் கடைசி இரண்டு படி. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்ததில், கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் வெற்றியில் முடிந்தது. முன்னாலிருந்து ஆரம்பித்திருந்தால் ஒவ்வொரு நாளும் பாதியில் நின்றிருக்கும்.

முடி வெட்டுவது எங்களுக்குப் பெரிய சோதனை. மூன்று பேர் பிடித்துக்கொள்ளவேண்டும். பெற்ற வயிறு பார்க்க முடியாது. கண்ணாடிப் பையன் கதை இங்கே கைகொடுத்தது. மார்க்கெட் பக்கம் இருக்கும் சலூன்காரரிடம் பேசி, கூட்டமில்லாத நேரத்தில் வாசல் வரை போய்த் திரும்பினோம். பிறகு உள்ளே நிற்பது. பிறகு நாற்காலியில் ஒரு நிமிஷம். பிறகு துண்டு. பிறகு கத்தரிச் சத்தம் மட்டும். ஒவ்வொன்றுக்கும் அவனுக்குப் பிடித்த மசால் கடலை, நாலே நாலு. பயந்தால் ஒரு படி பின்வாங்குவோம். இரண்டு மாசம் ஆயிற்று. முடி வெட்டிக்கொண்ட அன்று சலூன்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த மனிதரும் ஒரு ஆசிரியர்தான்.

லஞ்சமா? அடக்குமுறையா?

"இது லஞ்சம் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். அலறும்போது நிறுத்துவதற்காகக் கொடுப்பது லஞ்சம். நல்லது செய்த பின் கொடுப்பது சம்பளம். நாம் யாரும் முப்பத்தேழு வருஷம் சம்பளமில்லாமல் ஆஃபீஸ் போகவில்லை. தின்பண்டத்தை மெல்லக் குறைத்து, பாராட்டையும் அந்த வேலையின் சந்தோஷத்தையும் அதன் இடத்தில் கொண்டுவரவேண்டும்.

அடித்தால் என்ன? 'அடியாத மாடு படியாது' என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அடி, என்ன செய்யக்கூடாது என்பதை வேண்டுமானால் சொல்லும். என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லாது. பேசத் தெரியாத குழந்தைக்கு அது அடிப்பவரைக் கண்டு ஒளிய மட்டுமே கற்றுக்கொடுக்கும். நான் அடித்த பிறகு ஒரு மாசம் அவன் என் மடியில் வந்து உட்காரவில்லை. இதுவும் அளந்து பார்த்த உண்மைதான்.

இந்த விஞ்ஞானத்தின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவனல்ல. 1987ல் லோவாஸ் என்ற பேராசிரியர், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் பயிற்சி பெற்ற 19 ஆட்டிஸக் குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேர்ந்து படிக்கும் நிலைக்கு வந்ததாக எழுதினார். உலகமெங்கும் பெற்றோர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அதட்டலும் அடியும்கூட அந்த முறையில் இருந்தன. இப்படிப் பயிற்சி பெற்று வளர்ந்து பெரியவர்களான ஆட்டிஸம் உள்ளவர்கள் பலர், 'கண்ணைப் பார், கையை ஆட்டாதே, அசையாமல் உட்கார் என்று எங்களை வதைத்தார்கள்' என்று இன்று பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டும்.

என் பேரன் சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்துக்கொள்வான். அதை நிறுத்தவேண்டும் என்று நான் கேட்டேன். ஆசிரியை திருப்பிக் கேட்டார்: "அதனால் யாருக்கு நஷ்டம், தாத்தகாரு?" யோசித்தேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற எனக்குத்தான் நஷ்டம். அந்த இனத்தை ரெஜிஸ்டரிலிருந்து அடித்துவிட்டேன். ஒரு நடத்தையை மாற்றப் புறப்படும் முன், இந்த மாற்றம் குழந்தைக்கு நல்லதா, நம் மானத்துக்கு நல்லதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். அவனை மற்றப் பிள்ளைகள் மாதிரி ஆக்குவது நோக்கமல்ல. வலித்தால் சொல்லவும், வேண்டியதைக் கேட்கவும், வேண்டாததை மறுக்கவும், தன் துணியைத் தானே போட்டுக்கொள்ளவும் அவனுக்கு வழி செய்வதுதான் நோக்கம். எனக்கு 74 வயது. இன்னும் எத்தனை நாள் நான் அவனுக்கு டிராயர் மாட்டிவிட முடியும்?

சில நடைமுறை வார்த்தைகள். 'ஆறு மாதத்தில் குணப்படுத்துகிறேன்' என்பவரிடம் போகாதீர்கள். ஆட்டிஸம் குணமாக்கவேண்டிய நோயல்ல. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கவேண்டும், அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோர் கூட இருந்து பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள். 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. சான்றிதழ் வாங்க வெட்கப்படாதீர்கள், அது குழந்தையின் உரிமை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இரண்டு வயதில் பேச்சு வராவிட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், 'மெதுவாக வரும்' என்று என்னைப்போல் வருஷங்களைக் கடத்தாதீர்கள்.

நம் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

இந்த ஹாலில் இனி ஒரு குழந்தை அலறினால் தயவுசெய்து லட்டு கொண்டுவராதீர்கள், புத்திமதியும் வேண்டாம். திரும்பிப் பார்க்காமல் இருங்கள். மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வாசல் பக்கம் இரண்டு நாற்காலியைக் காலியாக விடுங்கள். அந்தத் தாயிடம் பிறகு போய், "அடுத்த தடவையும் வாம்மா" என்று சொல்லுங்கள். முன்னால் இருப்பதையும் பின்னால் கிடைப்பதையும் மாற்றினால் நடத்தை மாறும் என்றேனே, அது குழந்தைக்கு மட்டுமல்ல. மூன்றரை வருஷம் வராமலிருந்த என் பெண்ணுக்கும் பொருந்தும்.

அவள் இன்று வந்திருக்கிறாள். கடைசி வரிசையில், வாசலோரம். பக்கத்தில் பேரன், காதில் சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினைந்து நிமிஷம் என்று மணல் கடிகாரத்தோடு பேசி வைத்திருந்தோம். நான் லோவாஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து வெளியே போனதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கடிகாரத்தைக் கவனித்திருந்தேன், பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது. அலறவில்லை. 'வெளியே' என்ற அட்டையை எடுத்து அம்மா கையில் கொடுத்தான். அவள் உடனே எழுந்தாள். பி.எஸ்ஸி. படித்த காலத்தில் உரை முடிந்ததும் செய்முறை விளக்கம் இருக்கும். இன்றைய உரைக்கு அதை என் பேரனே செய்து காட்டிவிட்டான்.

வெளியே வராந்தாவில்தான் இருக்கிறார்கள். காபிக்குப் போகும்போது என் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.